ஆவுடைத்தாய் டீச்சரின் வெள்ளிக்கிழமைப் பெட்டிகள்

ஆவுடைத்தாய் டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து இறங்கிய அன்றே எனக்கு அவள்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. வந்தது டி.வி.எஸ். ஐம்பதில். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, நடுவில் அவள். வயசு முப்பத்துநாலு. புருஷன் திருப்பூரில். பிள்ளை இல்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆனி மாசம். ஒன்றியத்தில் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, நாளைக்கு மூன்று தடவை மட்டும் பஸ் வருகிற எங்கள் ஊரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள் என்றால் சந்தேகப்படாமல் என்ன செய்ய?

ஊர், கோவில்பட்டிக்கும் இடைசெவலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். எங்கள் ஊரில் சந்தேகம் என்பது கரிசலில் விழுகிற வெடிப்பு மாதிரி, அடி ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு சித்திரையில் அப்படி ஒரு வெடிப்புக்குள் எங்கள் வீட்டு ஆட்டுக்கிடாய் இறங்கிப்போய், ஐப்பசி மழைக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு புஞ்சையில் மூன்று குட்டியோடு ஏறி வந்தது. கிடாய்க்கு எப்படிக் குட்டி என்று கேட்பவர்கள் ஆவுடைத்தாய் டீச்சர் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வகுப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தை மாசம் டீச்சர் ஏதோ பயிற்சி என்று மூன்று நாள் டவுனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பேப்பரில் சுருட்டிய படம் ஒன்று கையில் இருந்தது. யாரிடமும் விரித்துக் காட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தினாள். பையன்களும் பொம்பளைப் பிள்ளைகளும் ஒன்றாக. முக்கால் மணி நேரம். உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தில்கூட முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் இருந்தது கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு வேப்பங்குச்சி தேடிக்கொண்டிருந்தேன். பல் விளக்குகிற நேரமா அது என்று கேட்காதீர்கள்.

கொஞ்ச நாளில் விஷயம் கசிந்தது. பிள்ளை எப்படிப் பிறக்கிறது, பொம்பளைப் பிள்ளை ஆளானால் உடம்புக்குள் என்ன நடக்கிறது, பையனுக்குக் குரல் ஏன் உடைகிறது, யார் தொட்டால் சரி, யார் தொட்டால் சரியில்லை, பிடிக்காவிட்டால் எப்படி வேண்டாம் என்று சொல்வது, யாரிடம் போய்ச் சொல்வது. இதையெல்லாம் ஒன்பது வயசிலும் பத்து வயசிலும் சொல்லித் தருகிறாளாம்.

“பிள்ளை இல்லாதவ பிள்ளை எப்படிப் பொறக்குன்னு பாடம் நடத்துதாளாம்” என்று சுப்புத்தாய் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆடு மேய்க்கிற வீடு அவளுடையது. அவள் வாய்க்கு ஆடும் பயப்படும், ஆளும் பயப்படும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் தீப்பெட்டி. பிள்ளைகள் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி வீட்டிலிருந்து கொண்டுபோய் வெள்ளிக்கிழமை தோறும் டீச்சரின் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். டின்னுக்குப் பூட்டு. ஏதாவது கேட்க நினைத்து வாயால் கேட்கக் கூசினால், சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பேர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்கள் வெறும் பெட்டியைப் போட வேண்டும், யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று தெரியாமல் இருப்பதற்காக.

தீப்பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அன்றைக்குப் பெட்டி ஒட்டாத வீடே கிடையாது. ஏஜெண்டு ஜெயகிருஷ்ணன் டவுனிலிருந்து அட்டைக் கட்டு கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் மடித்து, பசை தடவி, ஒட்டிக் காயவைத்துக் கொடுப்பார்கள். மழை இல்லாத வருஷம் அந்தக் கட்டுதான் அடுப்பு எரியவைத்தது. ஜெயகிருஷ்ணன் யாருக்குக் கட்டு கொடுக்கிறாரோ அந்த வீட்டில் சோறு. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்து, அதன் மூன்று இறக்கையிலும் தன் பேரை எழுதிவைத்தவர். ஃபேன் சுற்றினால் பேர் தெரியாது என்பதற்காக அவர் வரும்போதெல்லாம் ஃபேனை நிறுத்துவார்கள்.

“அக்கா, பிள்ளையளக் கெடுக்கா அந்த டீச்சர். தீப்பெட்டிக்குள்ள என்னத்தையோ எழுதி வாங்குதா. நாளைக்கு ஊர் சிரிக்கும். நீங்க ஒரு மனு எழுதுங்க” என்று என்னிடம் வந்தார்.

நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஊரில் ரேஷன் கார்டிலிருந்து ரோட்டு விளக்கு வரைக்கும் மனு எழுதுவது நான்தான். இருந்தாலும் யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் முதலில் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே எனக்கும் ஒன்று நடந்துவிட்டது. பாண்டியம்மாள் மகள் முத்துசெல்வி ஐந்தாம் வகுப்பு. பெட்டிக்கடையில் நிற்கிறாள். ஆசையாகக் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். பிறந்த நாளிலிருந்து நான் கிள்ளுகிற கன்னம். பிள்ளை என் கையை விலக்கிவிட்டது.

“எனக்குப் பிடிக்கல பெரியாச்சி. கேட்டுட்டுத் தொடுங்க.”

கடைக்காரி குல்ஷன் கல்லாவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன்: “பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மேற்படி ஆசிரியை வெள்ளிக்கிழமை தோறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வயதுக்கு மீறிய விஷயங்களைப் போதித்து, பிள்ளைகள் பெரியவர்களின் கையைத் தட்டிவிடும் நிலைக்குக் கொண்டுவந்துள்ளார்…” இரண்டு பக்கம். முப்பத்தெட்டுக் கைநாட்டு, கையெழுத்து. கல்வி ஆபீசுக்குப் போனால் டீச்சருக்கு மாறுதல் நிச்சயம். வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரலாம். சாட்சிக்கு அந்தத் தீப்பெட்டிச் சீட்டுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டால் அசையவே முடியாது என்றார் ஜெயகிருஷ்ணன்.

மாசி மாசம், ஒரு சனிக்கிழமை காலை. பருத்தி எடுப்பைப் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தலைமையாசிரியர் கண்ணபிரான் சார் பயந்த மனுஷன். அவசரமாக யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

டீச்சர் மேசைக்குப் பின்னால் நின்றாள். டின் மேசைமேல்.

“சாவியக் குடுங்க” என்றார் ஜெயகிருஷ்ணன்.

“தர மாட்டேன் அண்ணாச்சி. பிள்ளையளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நேத்துப் போட்டது, நானே இன்னும் தொறக்கல.”

“தப்பா ஒண்ணும் இல்லைன்னா தொறந்து காட்ட வேண்டியதுதான?”

“தப்பில்லாதது எல்லாத்தையும் தொறந்து காட்டணுமா?”

இதற்குப் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. என் மனசு அந்த நேரம் பார்த்துக் கன்னத்தை நினைத்துக்கொண்டது. “மடியில கனமில்லைன்னா தொறந்துதான் காட்டேன்” என்று நான்தான் சொன்னேன். இதை மறைக்க மாட்டேன். நான் சொன்னதும் ஜெயகிருஷ்ணன் டின் மூடியை வளைத்துப் பிய்த்தார். பெட்டிகளை மேசையில் கொட்டினார்.

கொட்டியதும் ஒன்று நடந்தது. டீச்சர் அதை யோசிக்காமலா பெட்டி கேட்டாள் என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். மேசையில் கிடந்தது பேர் இல்லாத பெட்டிகள் அல்ல. ஒட்டுகிற ஊரில் பெட்டிக்குப் பேர் எதற்கு? சுப்புத்தாய் பசையில் மயில்துத்தத்தை அள்ளிப் போடுவாள்; அவள் வீட்டுப் பெட்டியின் ஓரத்தில் நீலம் கசிந்திருக்கும். குல்ஷன் மடிப்பைக் கத்தரிக்கோல் காதால் அமுக்குவாள். கத்தி மாதிரி நிற்கும். பாண்டியம்மாளுக்கு இடக்கைப் பழக்கம். ஊரே வலப்பக்கம் மடித்தால் அவள் பெட்டி மட்டும் இடப்பக்கம் மடிந்திருக்கும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பெட்டியைப் பார்த்தாள். பெஞ்சில் நெளிய ஆரம்பித்தார்கள்.

ஜெயகிருஷ்ணன் ஆம்பளை. கட்டுக் கணக்குத் தெரியும், மடிப்புத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தார்.

“ஆடு குட்டி போடுறதப் பாத்துருக்கேன். எங்கம்மாவும் அப்படித்தான் கத்துனாளா?”

ஓரத்தில் நீலம். எல்லோரும் சுப்புத்தாயைப் பார்த்தோம். “அதவிட அதிகமாக் கத்துனேன், ஏட்டி” என்று அவள் தன்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு மீசை எப்ப முளைக்கும்? வாசிமுக்கு முந்தியா பிந்தியா?” வாசிம், குல்ஷன் மகன்.

அடுத்தது கத்தி மடிப்பில். “பெரியவங்க சண்டை போட்டுட்டு அடுத்த நாள் எப்படிப் பேசிக்கிறாங்க?” குல்ஷன் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் பதினைந்து நாளாகப் பேச்சில்லாமல் இருப்பது அன்றுவரை ஊருக்குத் தெரியாது.

“எங்க அக்கா ஆளானப்போ ஏன் தனியாப் படுக்கவச்சாங்க? அவ அழுதா. நான் பக்கத்துல படுத்தா என்ன?”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“பாத்தீயளா, பாத்தீயளா! இதெல்லாம் சின்னப் பிள்ளை கேக்குற கேள்வியா?” என்றார் ஜெயகிருஷ்ணன். அடுத்த பெட்டியை எடுத்தார். இடப்பக்கம் மடித்த பெட்டி. தள்ளித் திறந்து சீட்டைப் பிரித்தார். பார்த்தார். சீட்டு அப்படியே சட்டைப்பைக்குள் போனது.

“இது வெறும் பெட்டி” என்றார். கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

நான் சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருக்கிறவள். என் கண்ணில் படாமல் ஒரு சீட்டு சட்டைப்பைக்குள் போக முடியுமா? ஆனால் எனக்கு முந்திக்கொண்டு எழுந்தது பாண்டியம்மாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள். கட்டு கேட்டுப் போனாலும் வாசலிலேயே நிற்பவள்.

“அது எங்க வீட்டுப் பெட்டி.”

“எல்லாப் பெட்டியும் ஒண்ணுபோலத்தான இருக்கு, உக்காரு.”

“இல்ல அண்ணாச்சி. அது நான் ஒட்டுனது. எம் மக வெறும் பெட்டி போட மாட்டா. பையில வச்சதக் குடுங்க.”

“என்னத்தம்மா பையில வச்சேன்?”

அறையில் முப்பத்தெட்டுப் பேர் அவர் சட்டைப்பையைப் பார்த்தோம். மெல்லிசு டெரிகாட்டன் சட்டை. உள்ளே நாலாக மடித்த கோடு போட்ட தாள் தெரிந்தது. பாண்டியம்மாள் மேசைக்குப் போய் இடக்கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள். அவருடைய கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது.

பாண்டியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நேரே என்னிடம் வந்தாள். “படிங்க அத்தை.”

படித்தேன். பென்சில் எழுத்து: ‘கட்டு குடுக்குறவங்க பக்கத்துல உக்காரச் சொல்லிக் கையப் பிடிக்காங்க. யார்ட்டயும் சொல்லாதங்காங்க. எனக்குப் பிடிக்கல. வேண்டாம்னு சொன்னா அம்மாவுக்குக் கட்டு குடுக்க மாட்டாங்களா?’

என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்தபின் நானே நம்பிய பொய்களும் உண்டு. ஆனால் அவசியத்துக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தேன்:

“மே மாச லீவுக்குப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு டூர் கூட்டிட்டுப் போவீங்களா டீச்சர்?”

பெண்கள் சிரித்தார்கள். நான் ஜெயகிருஷ்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டூர் போகிற சீட்டை எதற்கு ஒளித்தோம் என்று ஒரு மனுஷன் வெட்கப்பட வேண்டும். அவர் வெட்கப்படவில்லை. மூச்சு விட்டார். அந்த மூச்சில் எனக்கு மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

“முப்பத்தெட்டுக் கைநாட்டு வாங்குன மனு எங்கக்கா? குடுங்க, நான் இன்னைக்கே சேத்துடுதேன்” என்றார்.

“நாலு பிழை இருக்கு. திருத்தித் தாரேன்” என்றேன்.

பாண்டியம்மாளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், சீட்டில் இருந்ததை இருந்தபடி காதில் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. “பிள்ளை எங்கன இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். ஆவுடைத்தாய் டீச்சர் எங்கள் பின்னாலேயே வந்திருந்தாள். “பயப்படாதீங்கக்கா. காலைலயே எங்க வீட்டுல உக்காரவச்சிட்டு வந்தேன். டி.வி. பாத்துட்டு இருக்கா” என்றாள். காலையிலேயே எதற்கு உட்காரவைத்தாள்? அதை அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒட்டியதும் ஒட்டாததுமாக இருந்த கட்டு முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து, ஜெயகிருஷ்ணனின் மோட்டார்சைக்கிள் முன்னால் தொப்பென்று போட்டாள். சுப்புத்தாய் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜெயகிருஷ்ணனைப் பார்த்தாள். எழுந்துபோய்த் தன் வீட்டுக் கட்டையும் கொண்டுவந்து போட்டாள். அப்புறம் குல்ஷன். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் காரணம் தேவையில்லை, சந்தேகம் போதும். மத்தியானத்துக்குள் மோட்டார்சைக்கிள் இருந்த இடம் தெரியாமல் அட்டை மலை ஏறிவிட்டது. இடைசெவல் பஸ்ஸில் போனவர்கள் புதுசாய் ஒரு குன்று முளைத்திருக்கிறது என்று இறங்கி வந்து பார்த்ததாகச் சொல்வேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

மனுவைத் திருத்தத்தான் செய்தேன். ‘மேற்படி ஆசிரியை’ இருந்த இடத்தில் ‘மேற்படி ஏஜெண்டு’ வந்தது. மற்றதையும் புதிதாக எழுதினேன். பாண்டியம்மாள், டீச்சர், நான் மூவரும் டவுன் பஸ் ஏறிப்போய் ஸ்டேஷனில் கொடுத்தோம். பிள்ளையின் பேர் வெளியே வராமல் விசாரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் அவரை நிறுத்தினார்கள். ஃபேன் மட்டும் பள்ளிக்கூடத்தில் இன்னும் சுற்றுகிறது. மூன்று வாரம் ஊருக்குக் கட்டு வரவில்லை. பருத்தி எடுத்தும் மல்லி பிடுங்கியும் சமாளித்தோம். நாலாவது வாரம் கம்பெனி வேறு ஆளை அனுப்பியது. புது ஆள் வீட்டுக்குள் வர வேண்டாம், வேப்பமரத்தடியில் வைத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டோம்.

ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஆவுடைத்தாய் தன் கதையைச் சொன்னாள். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமம். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். பதினொரு வயசில் பள்ளிக்கூடம் விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. குச்சியில் மருந்து முக்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவள் ஆளானது. ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மருந்துதான் உடம்புக்குள் போய்விட்டது, இன்னும் நாலு நாளில் செத்துப்போவோம் என்று முடிவு கட்டிக்கொண்டாளாம். “அம்மாட்டச் சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாளோன்னு பயம் அத்தை. நாலு நாளும் வேலைக்குப் போனேன். சாகுறதுக்குள்ள எவ்வளவு குச்சி அடுக்க முடியுமோ அவ்வளவு அடுக்கினேன்.” அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் ராத்திரிப் பள்ளி, தனித் தேர்வு, டீச்சர் டிரெய்னிங். எங்கள் ஊரை ஏன் கேட்டு வாங்கினாள் என்பதற்கு, பெட்டி ஒட்டுகிற ஊராகப் பார்த்துக் கேட்டேன் என்றாள்.

புதுக் கட்டு வந்த வாரமே பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் வெள்ளிக்கிழமைப் பெட்டி யார் வீட்டுப் பெட்டி என்று எவனுக்கும் எவளுக்கும் தெரியக் கூடாது. அதற்கு என்ன வழி? எல்லோரும் பாண்டியம்மாள் மாதிரி இடப்பக்கம் மடிப்பது. அவள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். முப்பது வருஷம் வலப்பக்கம் மடித்த விரல்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். சுப்புத்தாய் தன் விரலையே பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் டின்னில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனபின், டீச்சர் அதைக் கொட்டிப் பார்த்தாள். நாற்பதும் ஒரே மடிப்பு. நீலக் கசிவு இல்லை, கத்தி ஓரம் இல்லை. சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

உள்ளே போனேன். “ஏட்டி, உண்மையச் சொல்லு. பாண்டியம்மா மடிப்பு உனக்கு முன்னாலயே தெரியும்லா?”

பெட்டிகளை மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

“தெரியும் அத்தை. நானும் ஒட்டுன கை தான. அந்த எடக்கைப் பெட்டி மூணு வாரமா வெறும் பெட்டியாத்தான் வந்துச்சி. உள்ள பாத்தா, சீட்டு வச்சுத் திரும்ப எடுத்த மாதிரி ஓரம் கசங்கியிருக்கும். எழுதுதா, எடுத்துருதா. எழுதுதா, எடுத்துருதா. அதான் அந்தப் பிள்ளைய விட்டு நான் கண்ணையே எடுக்கல. அன்னைக்குக் கூட்டத்துக்கு முன்னாலயே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதான்.”

“யாருக்கும் தெரியாதுன்னு பிள்ளையள்ட்டப் பொய் சொல்லிருக்க.”

“ஆமா.”

“எனக்குச் சமமா ஒருத்தி இந்த ஊருல இருக்கான்னு தெரியாமப் போச்சே.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக் கையில் உருட்டினாள். “நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காவ. ஆனா இனிமே எந்தப் பிள்ளை எழுதிட்டு எடுக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

யோசித்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு வருஷமாக ஊரில் எந்தப் பிள்ளை எந்த நேரம் எங்கே நிற்கிறது, எது சாப்பிடாமல் வருகிறது, எது யாரைக் கண்டால் சந்து மாறிப் போகிறது என்பதையெல்லாம், ஒரு வேலையும் இல்லாமல் மரத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

“சந்தேகப்படத்தான உனக்கு ஆள் வேணும்?” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முத்துசெல்வி பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவள் யோசித்துவிட்டு, சரி என்று நகர்ந்து கொடுத்தாள். டீச்சர் படத்தை விரித்தாள். வெளியே வேப்பமரத்தடியில் யாரோ இரண்டு பேர் குச்சி தேடிக்கொண்டு நின்றார்கள்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியது நான்தான்.